பெடல் ஸ்டீல் கிட்டாருக்கான ஆம்ப் அமைப்பு: மேல் தந்திகள் காதைக் குத்துகின்றன, கீழ்த் தந்திகள் குழம்புகின்றன

பெரம்பூர்_ஸ்டீல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஈ9 சுருதி அமைப்பிலுள்ள பத்துத் தந்தி பெடல் ஸ்டீல் கிட்டாரை (படுக்கையாக நிறுத்தி, உலோக உருளையைத் தந்திமேல் நகர்த்தி வாசிப்பது), பீவி நாஷ்வில் 400 ஆம்ப்ளிஃபயரில் வாசித்து வருகிறேன். பெரம்பூரில் எங்கள் வீட்டு மாடியறை ஒன்பதடிக்கு ஒன்பதடி. அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வேண்டாமென்று, அங்கே சத்தத்தை மிகவும் குறைத்து வைத்து, நாதம் நிறைவாக இருக்கும்படி லோ (தாழ்ந்த ஒலி), ஹை (மேல் ஒலி) குமிழ்கள் இரண்டையும் ஏற்றி வைத்திருக்கிறேன். அதே அமைப்போடு ராயபுரத்தில் ஒரு தேவாலயக் கூடத்தில் பாடற்குழுவுடன் வாசிக்கும்போது, மூன்றாம் தந்தி பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே காதைக் குத்துகிறது. கீழ்த் தந்திகளோ பேஸ் கிட்டாரோடு கலந்து எந்த ஸ்வரம் என்றே தெரியாமல் போகின்றன. ஹையைக் குறைத்தால் குத்தல் அப்படியே இருக்க, ஒலி மட்டும் மங்குகிறது. சத்தத்தைக் காலால் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடலைப் பின்னுக்கு எடுத்தாலும் இதே மங்கல்தான். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கல்மண்டபம்_ஒலி எழுதியது:

தம்பி, உங்கள் ஆம்ப்பில் மிட், ஷிஃப்ட் என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு குமிழ்களைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மிட் நடு ஒலிகளைக் கூட்டும் அல்லது கழிக்கும்; எந்த ஹெர்ட்ஸைச் சுற்றி அது வேலை செய்ய வேண்டும் என்பதை ஷிஃப்ட் தீர்மானிக்கும். உங்கள் சிக்கலுக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஈ9 அமைப்பின் மூன்றாம் தந்தியான ஜி ஷார்ப் திறந்த நிலையில் சுமார் 415 ஹெர்ட்ஸ். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அது இரட்டித்து 830 ஹெர்ட்ஸ் ஆகிறது. உங்களைக் குத்துவது இந்த 800-ஐச் சுற்றியுள்ள பகுதியாகத்தான் இருக்க வேண்டும். ஹை குமிழோ இதற்கு வெகு மேலேயுள்ள பகுதியில்தான் முக்கியமாக வேலை செய்கிறது. அதனால்தான் அதைக் குறைத்தபோது குத்தல் போகாமல் பளபளப்பு மட்டும் போயிற்று. நாஷ்வில் 400 வைத்திருக்கும் ஸ்டீல் வாசிப்பாளர்களில் பலர் ஷிஃப்ட்டை 800-இல் நிறுத்தி மிட்டைக் கழிப்பதை நெடுங்காலமாக வழக்கமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் பிக்கப்புக்கும் (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பகுதி) கூடத்துக்கும் எது பொருந்துகிறது என்று காதாலேயே கண்டுபிடியுங்கள். லோ, ஹை இரண்டையும் நடுவில் வைத்து, மிட்டைக் கூட்டல் பக்கம் நன்றாக ஏற்றிவிட்டு, மூன்றாம் தந்தியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலும் அதற்கு மேலும் மீட்டியபடியே ஷிஃப்ட்டை மெல்லத் திருப்பிக்கொண்டு வாருங்கள். ஓரிடத்தில் ஒலி மூக்கடைத்தாற்போல், சகிக்க முடியாதபடி துருத்திக்கொண்டு வரும். ஷிஃப்ட்டை அங்கேயே விட்டுவிட்டு, மிட்டைக் கழித்தல் பக்கம் கொண்டுபோங்கள். அளவோடு கழிக்க வேண்டும்; மிகுதியாகக் கழித்தால், தனியாக வாசிக்கும்போது இனிமையாக இருந்தாலும், குழு சேர்ந்ததும் உங்கள் கிட்டார் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது வீட்டறை. குறைந்த சத்தத்தில் நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் மிகவும் குறைவாகவே கேட்கின்றன என்பதை ஃப்ளெச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே மெதுவாக வாசித்து லோவை ஏற்றினால், கூடத்தில் சத்தம் கூடும்போது அந்த ஏற்றம் முழுதும் வெளியே வந்துவிடும். போதாததற்கு, ஒன்பதடி இடைவெளியுள்ள இரண்டு எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே சுமார் 63 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 126 ஹெர்ட்ஸும் தங்கி நிற்கும். உங்கள் பத்தாம் தந்தியான பி சுமார் 123 ஹெர்ட்ஸ். அந்த அறையில் ஓரிடத்தில் அது கும்மென்று கேட்கும், இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் காணாமலே போகும். அங்கே கேட்பதை வைத்து லோ குமிழைத் தீர்மானிக்கவே முடியாது. கூடத்திலும் ஆம்ப்பை மூலையில் வைக்காதீர்கள். சுவரைவிட்டு நகர்த்தி, ஒரு நாற்காலி உயரத்துக்கு ஏற்றி வைத்தாலே பாதிக் குழப்பம் தெளிந்துவிடும். கூடமே போதுமான எதிரொலி தரும் என்பதால், ரிவர்ப் எனக்குத் தேவையாகத் தோன்றவில்லை.

வியாசர்பாடி_தந்தி எழுதியது:

மேலே அண்ணன் சொன்னதை முழுவதும் ஏற்றுக்கொள்கிறேன். வால்யூம் பெடல் மங்கலைப் பற்றி மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

உங்கள் பெடல் மின்னணுச் சுற்று ஏதுமில்லாத சாதாரண வகையாக இருந்தால், அதற்குள் பெரும்பாலும் 500 கிலோ ஓம் பாட் (திருப்பினால் மாறும் மின்தடை) ஒன்று இருக்கும். அது நடுவழியில் நிற்கும்போது, பெடலுக்குப் பின்னால் ஆம்ப் வரை போகும் கேபிள் ஏறத்தாழ 125 கிலோ ஓம் எதிர்ப்பின் வழியாகத்தான் சமிக்ஞையைப் பெறுகிறது. இருபதடி கேபிளின் மின்தேக்குத் திறன் 600 பிக்கோஃபாரட் வரை இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் 2,000 ஹெர்ட்ஸ் அளவிலிருந்தே மேல் ஒலிகள் தேயத் தொடங்கிவிடும். ஸ்டீல் வாசிப்பவர் தந்தியை மீட்டும்போது பெடலைப் பாதியில் வைத்து, கார்வை குறையக் குறைய மிதித்துக்கொண்டே போகிறவர் என்பதால், பாடலின் பெரும்பகுதி இந்த மங்கிய நிலையிலேயே கழிகிறது. ஆகவே பெடலைப் பாதியில் நிறுத்தியபடியே ஆம்ப்பின் சத்தத்தையும் ஹையையும் அமைத்துக்கொள்ளுங்கள். பெடலிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் கேபிளை முடிந்தவரை குட்டையாக்குங்கள். மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் நல்ல கேபிளும் ஜாக்கும் வாங்கி நாமே பற்றவைத்துக்கொள்ளலாம். பிக்கப்புக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு பஃபர் (சமிக்ஞை தேயாமல் கேபிளுக்குள் தள்ளும் சிறு மின்னணுச் சுற்று) வைத்தால் பிக்கப்பின் மேல் ஒலிகள் பிழைக்கும், ஆனால் பாதி மிதியில் வரும் மங்கலை அது தீர்க்காது. அதற்குப் பெடலுக்குப் பின்னால் ஒன்று வேண்டும்.

நான் வாசிப்பது ஃபெண்டர் ட்வின் ரிவர்ப்பில். அதன் மூன்று குமிழ்களும் ஒன்றையொன்று பாதிப்பவை. மூன்றையும் 5-இல் வைத்தாலே 400, 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழுந்துவிடும். எனவே அந்த ஆம்ப்புக்கு யாராவது எண் சொன்னால் அதை உங்கள் ஆம்ப்பில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

பெரம்பூர்_ஸ்டீல் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒத்திகையின்போது கூடத்திலேயே செய்து பார்த்தேன். ஷிஃப்ட் 800-ஐச் சற்றுத் தாண்டி நின்றது. மிட்டைக் கழித்ததும் மூன்றாம் தந்தியின் குத்தல் போய், ஹையை முன்பிருந்த இடத்துக்கே ஏற்ற முடிந்தது. லோவை நடுவுக்குக் கொண்டுவந்து, ஆம்ப்பை மர முக்காலியில் ஏற்றியபின் பத்தாம் தந்தி தனியாகக் கேட்கிறது. ஆனால் பதினைந்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே இன்னும் கொஞ்சம் கூர்மை மிச்சமிருக்கிறது.

கல்மண்டபம்_ஒலி எழுதியது:

அந்த மிச்சத்துக்கு ஆம்ப்பைத் தொட வேண்டாம், தம்பி. டோன் பார் (தந்திமேல் நகர்த்தும் உருளை) மேலே போகப் போக, வலக்கையையும் பிக்கப்பிலிருந்து விலக்கி, ஃப்ரெட் பலகையின் பக்கம் ஓரிரு அங்குலம் நகர்த்தி மீட்டிப் பாருங்கள்; பிரிட்ஜுக்கு அருகில் மீட்டினால் ஒலி எப்போதும் கூர்மையாகத்தான் வரும். வீட்டில் வாசிக்கும்போதும் கூடத்து அமைப்பையே வைத்துக்கொண்டு, மாஸ்டர் வால்யூமை மட்டும் குறையுங்கள். ஒலி மெலிந்தாற்போல் தோன்றினாலும் லோவை ஏற்றாதீர்கள்.