லிக்கேருக்கு 'நறவு' பொருந்துமா? ஆரஞ்சு மதுவகையை முன்வைத்து

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரி உணவகப் பணியாளர்களுக்கான பயிற்சிக் குறிப்புகளைத் தமிழாக்கி வருகிறேன். ஆரஞ்சு மணமுள்ள லிக்கேர்களைப் பரிமாறும் முறை பற்றிய பகுதிக்கு வந்ததும் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். வடித்தெடுத்த மதுவகை அனைத்தையும் குறிக்கும் 'லிக்கர்' வேறு. அதற்குள் மணமும் இனிப்பும் ஊட்டப்பட்ட ஒரு வகையை மட்டும் குறிக்கும், பிரெஞ்சு ஒலிப்பில் 'லிக்கேர்' எனப்படும் சொல் வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் 'லிக்கர்' ஆகிவிடுகின்றன. மொழிபெயர்த்தாலோ இரண்டும் 'மது' ஆகிவிடுகின்றன. உணவுப் பட்டியலில் பிராந்திக்கும் குவாந்த்ரோ என்னும் ஆரஞ்சு லிக்கேருக்கும் ஒரே தலைப்பு அமைந்தால், எதை உணவுக்கு முன் தருவது, எதைப் பின் தருவது என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் எப்படி அறிவார்?

லிக்கேருக்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை நண்பர்கள் எழுதிய பரிந்துரைகளில் 'பழமது' எனக்கு ஒப்பவில்லை. பழச்சாற்றை நொதிக்கவைத்து ஆக்கும் ஒயினுக்கே அது பொருந்தும். ஆரஞ்சு லிக்கேரில் பழச்சாற்றுக்கு வேலையே இல்லை. பழத்தோலில் உள்ள எண்ணெய்தான் அதன் உயிர். தோலைச் சாராயத்தில் ஊறவைத்து, பெரும்பாலும் மீண்டும் வடித்து, சர்க்கரை சேர்த்து ஆக்குகிறார்கள். 'இனிப்பு மது' என்பதும் போர்ட் முதலான இனிப்பு ஒயின்களோடு குழம்பும்.

'தேறல்' என்ற பரிந்துரையை நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். தெளிவு என்னும் பொருள் அதன் வேரிலேயே இருப்பதால் வடிமதுவுக்கு ஏற்றது என்று நண்பர் எழுதியது சரியே. ஆயினும், புறநானூற்றின் 56ஆம் பாடல் 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்று சொல்வது, கடல்கடந்து வந்த ஒயினையே என்று கொள்ள இடமிருக்கிறது. எங்கள் ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில், 1945ஆம் ஆண்டு தொல்லியலாளர் வீலர் நடத்திய அகழாய்வில், அத்தகைய மது ஏற்றிவந்த இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஆகவே தேறலை ஒயினுக்கென்று ஒதுக்கிவைப்பதே வரலாற்றுக்கு இசைந்தது என்பது என் கருத்து.

நான் முன்வைக்கும் சொல் 'நறவு'. அது தேனையும் குறிக்கும், கள்ளையும் குறிக்கும். அதன் அடியான 'நறு' மணத்தைச் சுட்டும். மணம், இனிப்பு, வெறி ஆகிய மூன்றும் கூடிய பொருளுக்கு இவை மூன்றையும் தன்னகத்தே கொண்ட சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும்போது ஒட்டுச்சொல் எதற்கு? ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி லிக்கேர் என்று பெயரிடப் பொதுவாக லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரையும் 15 விழுக்காடு ஆல்ககாலும் வேண்டும். எனவே இனிப்பு என்பது இங்கே வரையறையின் பகுதி. பழைய நறவு வடித்தெடுத்த மது அன்று என்ற மறுப்பு வரும். இன்று அச்சொல் பேச்சு வழக்கில் இல்லை, ஆதலால் புதிய பொருளை ஏற்க அதற்குத் தடையில்லை. பதிற்றுப்பத்தில் நறவு என்றே ஓர் ஊர் வருகிறது. குடிக்கும் நறவிலிருந்து பிரித்துக் காட்டப் புலவர் அதை 'துவ்வா நறவு', அதாவது உண்ணப்படாத நறவு என்கிறார். ஒரு சொல்லுக்குள் இரு பொருள் நிற்க அடைமொழி ஒன்று போதும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அடுத்தது ஆரஞ்சு. 'நாரத்தை நறவு' என்றால் நம் மக்களுக்கு ஊறுகாய் நினைவே முந்தி வரும். ஆரஞ்சைக் குறிக்கும் 'கிச்சிலி' அழகிய சொல் என்றாலும் பலருக்குப் புரியாது. 'ஆரஞ்சு' என்பதற்கு மூலமான 'நாரங்கம்' என்ற வடசொல்லுக்கே திராவிட மூலம் கூறும் ஆய்வாளர் பலர் இருப்பதால், பாரசீகமும் அரபும் ஐரோப்பாவும் சுற்றித் திரும்பிய 'ஆரஞ்சு' என்ற வடிவத்தை நாம் கூச்சமின்றி ஏற்கலாம். வணிகப் பெயர்களை மொழிபெயர்க்கவே கூடாது. ஆன்ழே நகரத்துக் குவாந்த்ரோ, கொன்யாக் பிராந்தி கலந்த கிரான் மார்னியே இரண்டும் 40 விழுக்காடு ஆல்ககால் கொண்டவை. அப்பெயர்களை ஒலிபெயர்த்தால் போதும். 'செக்' என்றால் பிரெஞ்சில் உலர்ந்தது, அதாவது இனிப்புக் குறைந்தது. ஆனால் த்ரிப்ல் செக் என்னும் ஆரஞ்சு லிக்கேர் இனிக்கும். பொருள்பெயர்த்தால் படிப்பவரை ஏமாற்றியதாகும். குராசாவ் என்னும் ஆரஞ்சு லிக்கேர் பெற்றிருப்பது ஒரு கரீபியத் தீவின் பெயரை. அங்கே ஸ்பானியர் நட்ட வலென்சியா ஆரஞ்சு, வறண்ட மண்ணில் கசந்து சிறுத்துப் போனது. உண்ண உதவாத அப்பழத்தின் காய்ந்த தோல்தான் மணத்தால் புகழ்பெற்றது. நீலக் குராசாவின் நீலம் வெறும் சாயமே.

பரிமாறும் முறையில் இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. இங்குள்ள ஓர் உணவகத்தில் என் கண்ணெதிரே நடந்தது இது. பனிக்கட்டி நிறைந்த கண்ணாடிக் குவளையில் குவாந்த்ரோவை ஊற்றினார்கள். ஊற்றும்போது நீர்போல் தெளிந்திருந்தது, சிறிது நேரத்தில் கட்டிகளைச் சுற்றி அரிசி களைந்த நீர்போல் வெளுத்தது. விருந்தினர் முகம் சுளிக்க, பரிமாறிய இளைஞர் 'கெட்டுப்போயிருக்கும் சார்' என்று மன்னிப்புக் கேட்டு, குவளையை எடுத்துச் சென்று கொட்டிவிட்டார். அவர்மீது குற்றமில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆல்ககாலில் கரைந்திருந்த தோலெண்ணெய், குளிர்ச்சியாலும் உருகிய நீர் கலப்பதாலும் கரைசலில் நிற்கமாட்டாமல் நுண்துளிகளாகப் பிரிவதே அவ்வெண்மை. எண்ணெய் நிறைந்த சரக்கு என்பதற்கு அதுவே அடையாளம். 'கலங்கல்' என்றால் சேறும் பழுதும் தோன்றுகின்றன. ஆகவே 'வெண்மூட்டம்' என்று ஆளலாமா?

எதுவும் கலவாமல் தருவதற்குத் 'தனித்து' என்ற சொல்லே போதும். கிரான் மார்னியேவை அறை வெப்பத்தில், கீழ்ப்பகுதி அகன்று வாய் குறுகிய குவளையில் தனித்துத் தருவது வழக்கம். ஆரஞ்சு நறவை எலுமிச்சையோடும் தெக்கீலாவோடும் கலந்தால் மார்கரீத்தா, தெக்கீலாவுக்குப் பதில் கொன்யாக்கைக் கலந்தால் சைட்கார். இப்பெயர்களையும் அப்படியே விட்டுவிடலாம்.

பட்டியலில் அச்சாகப்போகும் வரியை இப்படி எழுதியிருக்கிறேன்: 'உணவுக்குப் பின்: ஆரஞ்சு நறவு, 30 மி.லி. தனித்தோ பனிக்கட்டியுடனோ. பனிக்கட்டியுடன் அருந்தும்போது வெண்மூட்டம் தோன்றுவது இயல்பு.' இதில் எந்தச் சொல் உறுத்துகிறது என்று காரணத்தோடு எழுதுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் திருத்திக்கொள்கிறேன்.