மறு: ‘அவுட்சைடர் மியூசிக்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். முறையான பயிற்சியோ இசைத்துறை வழக்கமோ இல்லாமல் தம் வழியில் பாடுகிறவர்களின் இசையை ஆங்கிலத்தில் ‘அவுட்சைடர் மியூசிக்’ என்கிறார்கள். நம் அகராதியில் சேர்க்க அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்திருக்கும் சொற்கள் வெளியாள் இசை, விளிம்பிசை, பச்சை இசை, பித்திசை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடுகிறவரின் நோயையோ, அவர் ஊருக்கு உள்ளே நிற்கிறாரா வெளியே நிற்கிறாரா என்பதையோ சுட்டும் சொல் நமக்கு வேண்டாம். அந்தப் பாட்டு எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்லும் சொல்லாக இருந்தால் நல்லது.

மூலச்சொல்லே இசைக்காகப் பிறந்தது இல்லை. மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்கள், சிறைக்கைதிகள், எவரிடமும் கலை பயிலாதவர்கள் வரைந்த படங்களை 1940-களில் தேடிச் சேர்த்த பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே, அவற்றைப் ‘பச்சைக் கலை’ என்ற பொருளில் ‘ஆர் ப்ருட்’ என்று அழைத்தார். 1972-இல் பிரிட்டிஷ் கலை ஆய்வாளர் ரோஜர் கார்டினல் அதற்கு இணையாக ஆங்கிலத்தில் ‘அவுட்சைடர் ஆர்ட்’ என்றார். அமெரிக்க வானொலியாளர் இர்வின் சூசிட் இத்தகைய பாடகர்களைப் பற்றி 2000-இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு இசைக்கும் அந்தப் பெயர் பரவலாக ஒட்டிக்கொண்டது. மருத்துவமனையின் நிழல் சொல்லோடு சேர்ந்தே வந்துவிட்டது. தமிழுக்குக் கொண்டுவரும்போது அந்த நிழலையும் சுமந்து வர வேண்டுமா என்பதுதான் கேள்வி.

> பித்திசை என்பதே பொருத்தம். சுந்தரர் இறைவனையே ‘பித்தா’ என்றுதானே அழைத்தார்?

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. அந்த அழகுதான் என்னைத் தயங்க வைக்கிறது. பித்து என்றதும் நம் மனத்தில் பக்தியும் காதலும் சித்தர் பாட்டும் வந்து நிற்கின்றன. அது மேன்மையான பித்து. இந்த வகையில் அடிக்கடி பேசப்படும் அமெரிக்கப் பாடகர் டேனியல் ஜான்ஸ்டனுக்கு இருந்தது அந்தப் பித்து இல்லை, நோய். 1990-இல் ஆஸ்டினில் பாடிவிட்டு, தந்தை ஓட்டிய சிறு விமானத்தில் வீடு திரும்பும்போது, நடுவானில் சாவியைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டார். தந்தை முன்னாள் போர் விமானி என்பதால் மரங்களின் மேல் எப்படியோ இறக்கினார், இருவரும் பிழைத்தார்கள். அடுத்து ஜான்ஸ்டன் போனது மனநல மருத்துவமனைக்கு. அவர் வாழ்க்கையில் இப்படி மருத்துவமனையில் கழிந்த காலம் கொஞ்சநஞ்சமல்ல. இதற்குப் ‘பித்து’ என்று பெயர் வைத்தால், நோய்தான் அவரைப் பாட வைத்தது, குணமாகியிருந்தால் பாட்டு வற்றியிருக்கும் என்ற எண்ணத்துக்கு நாமே வழிவிட்டதாகிவிடும். அந்த எண்ணத்தை நம்பி யாராவது ஒருவர் மருந்தை நிறுத்தினால்கூட அது பெரிய தீங்கு.

அவருடைய ஒலிநாடாக்களையே கேளுங்கள். 1980-களின் தொடக்கத்தில், சாதாரண வீட்டு டேப் ரெக்கார்டரில், பியானோவையும் சின்ன கார்டு ஆர்கனையும் (பொத்தானை அழுத்தினால் சுரக்கூட்டு ஒலிக்கும் விசைக்கருவி) வைத்துப் பதிந்தவை. நாடாவின் இரைச்சல் பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், குரல் உச்சிக்குப் போகும்போது உடையும். ஒருதலைக் காதலைப் பற்றி, எந்த மறைப்பும் இல்லாமல், கேட்கிறவருக்கே கூச்சம் வரும் அளவுக்குச் சொல்வார். ஆனால் மெட்டைக் கவனித்தால் பீட்டில்ஸைக் கரைத்துக் குடித்தவர் என்று தெரியும். எங்கே சுரம் மாற வேண்டும், எந்த வரி திரும்ப வர வேண்டும் என்பதில் தடுமாற்றமே இல்லை. ஆரம்ப நாட்களில் நாடாவைப் படியெடுக்க வசதி இல்லாததால், கேட்டவர்களுக்கெல்லாம் முழுத் தொகுப்பையும் மறுபடி மறுபடி பாடிப் பதிந்து கொடுத்தார். உணர்ச்சி தானாகக் கொட்டியது என்று மட்டும் சொன்னால் இந்த உழைப்பு எங்கே போகும்? உணர்வை மூடாமல் வைக்கத் தெரிவதும் ஒரு தேர்ச்சிதான்.

சிகாகோ பாடகர் வெஸ்லி வில்லிஸ் விஷயம் வேறு. 1989-இல் அவருக்கு மனச்சிதைவு என்று கண்டறிந்தார்கள். கீபோர்டில் ஏற்கனவே பதிந்து வைத்திருக்கும் தாளத்தை ஓடவிட்டு, அதன்மேல் பேசுவது போலவே பாடுவார். பாட்டுக்குப் பாட்டு அதே அமைப்பு. தலைக்குள் திட்டும் குரல்களை அவர் ‘நரகப் பயணம்’ என்ற பொருளில் குறிப்பிட்டார், இசையை ‘இன்பப் பயணம்’ என்றார். நோய்க்கும் பாட்டுக்கும் நடுவே அவரே கோடு கிழித்திருக்கிறார். அந்தக் கோட்டை அழிக்கும் பெயரை நாம் வைக்கக்கூடாது.

அப்புறம், ‘ஷாக்ஸ்’ என்ற பெண்கள் குழு. நியூ ஹாம்ஷயரின் ஃப்ரீமான்ட் ஊரைச் சேர்ந்த விக்கின் சகோதரிகள். 1969-இல் வந்த அவர்களுடைய தொகுப்பில் டிரம்ஸ் ஒரு பக்கம் போகும், கிட்டார் இன்னொரு பக்கம் போகும், பாட்டு இரண்டையும் பொருட்படுத்தாமல் நடக்கும். இந்த வகையைப் பேசினால் அவர்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. அவர்கள் குழு அமைத்ததற்கும் மனநோய்க்கும் தொடர்பில்லை. தந்தை குழு அமைக்கச் சொன்னார், அமைத்தார்கள். பித்திசை என்றால் இவர்களை எங்கே வைப்பது?

மற்ற சொற்கள். ‘விளிம்பு’ ஏற்கனவே விளிம்புநிலை மக்கள் என்ற பொருளில் நிலைத்துவிட்டது. ஒடுக்கப்பட்ட சமூகங்களின் இசை வேறு, அதற்கு நீண்ட மரபும் கேட்பவர் கூட்டமும் உண்டு. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் இரண்டுக்கும் கேடு. ‘பச்சை’ ஆபாசம் என்ற பொருளுக்கு நழுவிவிடும். ‘வெளியாள்’ நேரான மொழிபெயர்ப்புதான், ஆனால் யாருக்கு வெளியே? ‘நம்மவர் இல்லை’ என்ற தொனி அதில் ஒட்டியே இருக்கிறது.

நான் முன்வைப்பது: தன்போக்கிசை. பாடுபவர் தன்போக்குப் பாடகர்.

‘அவர் தன் போக்கில் பாடிக்கொண்டிருக்கிறார்’ என்று நாம் பேச்சிலேயே சொல்கிறோம். கேட்பவரையும் சந்தையையும் இலக்கணத்தையும் கணக்கில் எடுக்காத நடையை அது சரியாகப் பிடிக்கிறது. ஜான்ஸ்டனுக்கும் பொருந்தும், விக்கின் சகோதரிகளுக்கும் பொருந்தும், 1978 முதல் தன்னைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லாமல் இசைத்தட்டு வெளியிட்டுவரும் அமெரிக்கப் பாடகர் ஜேன்டெக்குக்கும் பொருந்தும். ‘சுயாதீன இசை’யோடும் குழம்பாது. அது நிறுவனத்தின் பிடியில் இல்லாததைக் குறிக்கிறது, இது மரபின் பிடியில் இல்லாததை.

> தன்போக்கு என்றால் பொறுப்பில்லாதவர் என்று தொனிக்காதா?

கொஞ்சம் தொனிக்கலாம், அம்மா. ஆனால் ‘போக்கு’ என்பதில் ஒரு திசையும் இருக்கிறது. பயன்பாட்டில் அந்தப் பொருள் முன்னுக்கு வரும் என்று நம்புகிறேன். ‘தான்தோன்றி இசை’ என்று போயிருந்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி.

இந்த இசையில் மூடாமல் வெளிப்படும் உணர்வைக் குறிக்க ‘வடிகட்டாத உணர்வு’ என்ற சொல் வேண்டாம் என்று நினைக்கிறேன். வடிகட்டாதது என்றால் கசடு உள்ளது என்றே நம் காதில் விழும். ‘பூச்சற்ற உணர்வு’ போதும்.

அகராதிக்கான வரைவு இது:

தன்போக்கிசை (பெ.): முறையான பயிற்சி, இசைத்துறை வழக்கம், கேட்பவர் எதிர்பார்ப்பு ஆகியவற்றுக்கு உட்படாமல், பாடுபவரின் சொந்த ஒழுங்கில் அமையும் இசை. பூச்சற்ற உணர்வு இதில் பெரும்பாலும் காணப்படும். பாடுபவரின் உடல்நிலையையோ மனநிலையையோ இச்சொல் குறிப்பதில்லை.

கடைசி வாக்கியத்தைச் சுருக்கத்துக்காக நீக்கிவிட வேண்டாம் என்று தொகுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சந்தி விஷயத்தில் ‘தன்போக்கு இசை’ என்று பிரித்து எழுதுவதா, சேர்த்து எழுதுவதா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.