சூடானதும் 120 ஓம் காட்டும் கேன் இணைப்பு

கோயம்புத்தூரில் நான் ஓட்டும் 2016ஆம் ஆண்டு டீசல் காரில், மூன்று வாரங்களாக, அரை மணி நேரம் ஓடி இன்ஜின் சூடானதும் ஏபிஎஸ், பவர் ஸ்டியரிங் எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிந்து, வேகமானி முள் பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. ஸ்கேனரில் ஏபிஎஸ் மாட்யூலுடன் (அதன் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) தொடர்பு இழந்ததைக் குறிக்கும் யூ0121 என்ற கோளாறுக் குறியீடு பதிவாகிறது. பேட்டரி, எர்த் இணைப்புகள், ஃபியூஸ்கள் ஆகியவற்றைச் சோதித்து, ஏபிஎஸ் கனெக்டரையும் சுத்தம் செய்துவிட்டேன். பேட்டரி இணைப்பைக் கழற்றி ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டில், மாட்யூல்கள் தகவல் பரிமாறும் கேன் (CAN) இணைப்பின் இரு கம்பிகள் வரும் 6, 14ஆம் பின்களுக்கிடையே அளந்தால், வண்டி குளிர்ந்திருக்கும்போது சரியாக 60 ஓம் இருக்கிறது; கோளாறு வந்தவுடன் அளந்தால் 120 ஓம் காட்டுவதால், அந்த இணைப்பின் இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் மின்தடைகளில் ஒன்று துண்டிக்கப்படுகிறது என்றே கருதுகிறேன். ஒர்க்‌ஷாப்பில் ஏபிஎஸ் மாட்யூலையே மாற்றச் சொல்கிறார்கள். துண்டிப்பு எங்கே என்று உறுதியாகாமல் அதற்கு நான் உடன்படவில்லை. பிரேக் சார்ந்த கோளாறு என்பதால் குழந்தைகளை இதில் ஏற்றவும் மனம் வரவில்லை.

வயரிங் முழுவதையும் பிரிக்காமல், எந்தக் கனெக்டரிலிருந்து தொடங்கி எந்த வரிசையில் அளந்தால் அந்தத் துண்டிப்பைக் கண்டுபிடிக்கலாம்?