கைசர்ஸ்லவுட்டர்ன்ல கணினி பிஎச்.டி.: கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியும் போட்ட பிறகும்

கேள்வி:
கோயம்புத்தூர்ல பி.ஈ., அண்ணா பல்கலைக்கழகப் பட்டம். மூணு வருஷம் ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர் வேலை. ஜெர்மனியில கைசர்ஸ்லவுட்டர்ன்ல இருக்கிற ஒரு மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்துல சிஸ்டம்ஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம், ஸ்டோரேஜ் மாதிரி அடித்தள சாஃப்ட்வேர்) ஆராய்ச்சிக்கு, பிஎச்.டி. மாணவியா இடம் கிடைச்சிருக்கு, அக்டோபர் 1 சேரணும். ஒப்பந்தத்துல 'ஃபோர்டர்ஃபெர்ட்ராக்'னு (ஆதரவு ஒப்பந்தம்) தலைப்பு. வீட்டுக்காரர் ஆறு மாசம் கழிச்சு வர்றார். வீடு, அரிசி எல்லாம் இங்க பழைய கேள்வி-பதில் இழைகள்ல படிச்சிட்டேன். ஆராய்ச்சி நிறுவனத்துக்குன்னு தனியா என்ன பார்க்கணும்?

பதில் (ஒப்பந்தம், விசா):
அந்தத் தலைப்பு நல்ல தலைப்புதான். மேக்ஸ் பிளாங்க் சொசைட்டி 1948-ல் கோட்டிங்கன்ல தொடங்கின பதிவு பெற்ற சங்கம். அரசுத் துறையும் இல்ல, லாபம் பார்க்கிற கம்பெனியும் இல்ல. பணம் பெரும்பாலும் மத்திய, மாநில அரசுகள்கிட்ட இருந்து வருது. அதனால சம்பளம் அரசு ஊழியர் அட்டவணையை ஒட்டி இருக்கும், வேலை மட்டும் தவணை வேலை, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குத்தான்.

முன்னெல்லாம் நிறைய பேருக்கு ஸ்டைபெண்டு (வேலை ஒப்பந்தம் இல்லாத உதவித்தொகை) கொடுத்தாங்க. 2015-லிருந்து பிஎச்.டி. மாணவர்களுக்கு ஒப்பந்தம். பார்க்க ஸ்டைபெண்டுல கைக்கு வர்ற தொகை கூடுதலாத் தெரியும், வரி பிடிக்க மாட்டாங்க. ஆனா ஓய்வூதியக் கணக்குல ஒரு மாசம்கூட ஏறாது, வேலையில்லாக் காப்பீடு கிடையாது, ஹெல்த் இன்ஷூரன்ஸ் உங்க தலையில. போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடிச்ச பிறகு ஆராய்ச்சி வேலை) போறவங்களுக்கு இப்பவும் ஸ்டைபெண்டு வரலாம். அப்படி வந்தா ஒப்பந்தமா மாத்தித் தர முடியுமான்னு கையெழுத்துக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

அடுத்து சதவீதம். சம்பள அட்டவணையில 13-ஆம் நிலைன்னு மட்டும் பார்த்து சந்தோஷப்படாதீங்க, அந்தச் சம்பளத்துல எத்தனை சதவீதம்னு அடுத்த வரியில இருக்கும். 100 சதவீதம்னா ப்ளூ கார்டு (பட்டதாரிகளுக்கான ஐரோப்பிய வேலை அனுமதி, குறைந்தபட்ச சம்பள எல்லை உண்டு) வாங்கலாம். 65 சதவீதம்னா ப்ளூ கார்டு சம்பள எல்லை எட்டாது (ஐ.டி. மாதிரி ஆள் பற்றாக்குறைத் துறைக்கு 2025-ல் வருஷத்துக்கு 43,759.80 யூரோ, வருஷா வருஷம் ஏறும்). எட்டலேன்னா கவலைப்பட ஒண்ணுமில்ல. வசிப்புச் சட்டம் 18டி பிரிவுல ஆராய்ச்சியாளர் அனுமதி இருக்கு. அதுல வந்தாலும் உங்க வீட்டுக்காரர் ஏ1 (ஆரம்ப நிலை) ஜெர்மன் தேர்வு எழுத வேண்டாம், வந்ததும் வேலைக்குப் போகலாம்.

சென்னையில விசாவுக்குக் கொடுக்கும்போது பட்டத்துக்கு 'அனபின்' (வெளிநாட்டுப் பட்டத்தை ஜெர்மனி ஏத்துக்குதான்னு காட்டுற) தளத்துல இருந்து அச்சு எடுத்து வைக்கணும். இங்கதான் பலர் தடுமாறுறாங்க. காலேஜ் பேரைப் போட்டுத் தேடி, வரலேன்னு பயந்துடுறாங்க. பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம்தானே, அதன் பேரைத் தேடுங்க.

இன்னொண்ணு: நிறுவனம் பட்டம் கொடுக்காது. டாக்டர் பட்டம் கொடுக்கிறது பக்கத்துப் பல்கலைக்கழகம். கைசர்ஸ்லவுட்டர்ன்லயும் சார்ப்ரூக்கன்லயும் ஒவ்வொண்ணு இருக்கு. எம்.எஸ். இல்லாம நாலு வருஷ பி.ஈ.யோட வர்றீங்க, அதனால பல்கலைக்கழகம் ஆயத்தப் பாடங்கள் கேட்கலாம். எத்தனை பாடம், எப்போ முடிக்கணும்னு எழுத்துல வாங்குங்க. மூணாவது வருஷம் தீசிஸ் எழுதுற நேரத்துல ஒரு தியரி பரீட்சை பாக்கின்னு தெரியவந்தா வெறுத்துப் போகும்.

பதில் (பணம்):
மேல சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. ஓய்வூதியக் காப்பீடு 18.6 சதவீதம், அதுல பாதி 9.3 உங்க சம்பளத்துல பிடிப்பாங்க. மொத்தம் 60 மாசத்துக்குக் குறைவா கட்டிட்டு இந்தியா திரும்பினா, கிளம்பி 24 மாசம் கழிச்சு உங்க பங்கைத் திரும்பக் கேட்கலாம். முதலாளி பங்கு வராது. 60 தொட்டுட்டா பணமா வராது, வயசான பிறகு பென்ஷனாத்தான். சிஸ்டம்ஸ் பிஎச்.டி. அஞ்சு வருஷத்துக்கு இழுக்கிறது சகஜம், அதனால 58-ஆவது மாசம் வாக்குல உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்க. இங்கேயே தங்குற எண்ணம்னா கதை வேற: 36 மாசம் கட்டியிருந்து பி1 (நடுத்தர நிலை) ஜெர்மனும் இருந்தா நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ப்ளூ கார்டுல 27 மாசம், பி1 இருந்தா 21.

ஒப்பந்தத்துல 'வி.பி.எல்.'னு (பொதுத்துறை ஊழியர்களுக்கான திட்டம்) கூடுதல் ஓய்வூதியம் இருக்கான்னு பாருங்க. இருந்தா, அதுலயும் 60 மாசம் முடிச்சாத்தான் பென்ஷன். ஆனா தவணை ஒப்பந்தத்துல இருக்கிற விஞ்ஞானிகளுக்கு ஒரு சலுகை உண்டு. அந்தக் கட்டாயத் திட்டத்துல இருந்து விலகி, 'வி.பி.எல். எக்ஸ்ட்ரா'ங்கிற திட்டத்துக்கு மாறலாம். அதுல முதலாளி போடுற காசு 60 மாசம் ஆகாட்டியும் உங்க கணக்குல நிக்கும். கெடு வேலையில சேர்ந்த நாள்ல இருந்து ரெண்டே மாசம். முதல் வாரம் கொடுக்கிற ஃபைல்ல இந்தத் தாள் அடியில கிடக்கும், யாரும் எடுத்துச் சொல்ல மாட்டாங்க. நீங்க அக்டோபர் 1 சேர்றதால நவம்பர் முடியறதுக்குள்ள கொடுத்துடணும்.

உங்க மூணு வருஷ வேலை அனுபவம் பிஎச்.டி. ஒப்பந்தத்துல பெரிசா எடுபடாது. ஆனா இதைப் படிக்கிற போஸ்ட்டாக், ரிசர்ச் இன்ஜினியர்கள் கவனிங்க. சம்பள அட்டவணையில ஒவ்வொரு நிலைக்குள்ளயும் படிகள் உண்டு, படி ஏறினா சம்பளம் ஏறும். ஒரு வருஷத் தொடர்புள்ள அனுபவம் இருந்தா இரண்டாம் படி, மூணு வருஷம்னா பொதுவா மூணாம் படி. 'இவர் எங்களிடம் பணிபுரிந்தார்'னு ஒத்தை வரி ரிலீவிங் லெட்டர் உதவாது. என்ன வேலை செஞ்சீங்க, எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைன்னு இருக்கணும். ஊரை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க. தப்பான படியில போட்டுட்டா ஆறு மாசத்துக்குள்ள எழுத்துல கேட்கணும், அதுக்கு மேல பழைய பாக்கி போனது போனதுதான்.

வரி எண் தபால்லதான் வரும். வர்றதுக்குள்ள முதல் சம்பளம் வந்துட்டா ரொம்ப அதிகமா பிடிக்கிற ஆறாம் வரி வகுப்புல பிடிச்சிடுவாங்க, பாதி காணாமப் போன மாதிரி இருக்கும். பின்னாடி சரி பண்ணித் தருவாங்க, பதறாதீங்க. நகராட்சியில பதியறப்போ மதம் கேட்பாங்க. கத்தோலிக்கர்னு எழுதினா வருமான வரியில 9 சதவீதம் சர்ச் வரி.

பதில் (கான்ஃபரன்ஸ் பயணம்):
வசிப்பு அனுமதி அட்டை ஒப்பந்தம் முடியற தேதியோடயே முடியும். ஒப்பந்தம் நீட்டிக்கிறப்போ அட்டையையும் நீட்டிக்கணும், அது முடியறதுக்கு முன்னாடியே விண்ணப்பம் போயிருக்கணும். புது அட்டை வர்ற வரைக்கும் 'ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங்'னு மடிச்ச பச்சைத் தாள் தருவாங்க. உள்ளே மூணு கட்டம் இருக்கும். வசிப்புச் சட்டத்தோட 81-ஆம் பிரிவு 4-ஆம் உட்பிரிவுக்கு நேரா டிக் இருந்தா வெளிநாடு போய்த் திரும்பி வரலாம். 3-ஆம் உட்பிரிவுன்னா போகாதீங்க, திரும்பி நுழைய முடியாது. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி தாளை விரிச்சுப் பாருங்க.

சிஸ்டம்ஸ் துறையில பெரிய கான்ஃபரன்ஸ்கள் ஓ.எஸ்.டி.ஐ.யும் யூரோசிஸும். ஓ.எஸ்.டி.ஐ. ஜூலை மாசம், அமெரிக்காவுல. பேப்பர் ஏத்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்ச பிறகு விசா நேர்காணல் தேடினா காலம் பத்தாமப் போகலாம். பேப்பர் அனுப்பின வாரமே விசா படிவத்தை நிரப்பி வைக்கிறது உத்தமம். யூரோசிஸ் பெரும்பாலும் ஷெங்கன் நாடுகள்லதான், இந்த அட்டையே போதும். ஆனா 2026-ல் எடின்பரோ, அதுக்குத் தனி பிரிட்டன் விசா.

பயண அனுமதிப் படிவத்துல கையெழுத்து வாங்காம டிக்கெட் போட்டா காசு திரும்ப வர்றது சந்தேகம். படிக்காசு (பயணத்துல சாப்பாட்டுச் செலவுக்குத் தர்றது) ஜெர்மனிக்குள்ள முழு நாளுக்கு 28 யூரோ. கான்ஃபரன்ஸ்ல மதியச் சாப்பாடு போட்டா அதுல 40 சதவீதம், 11.20 யூரோ, கழிச்சுக்குவாங்க. தகுந்த காரணம் இல்லாம நீங்க சாப்பிடாட்டியும் கழிப்பாங்க!

கோடையில அமெரிக்கக் கம்பெனி இன்டர்ன்ஷிப் போறதா இருந்தா ரெண்டு விஷயம். ஆறு மாசத்துக்கு மேல வெளியே இருந்தா 18டி அனுமதி தானாவே செத்துடும் (ப்ளூ கார்டுக்கு 12 மாசம்). சம்பளமில்லா விடுப்புல ஒரு மாசம் தாண்டினா ஹெல்த் இன்ஷூரன்ஸ் வேலை வழியா ஓடாது, முன்கூட்டியே இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல பேசிடுங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. வேலைப் பக்கம் ஏதாவது? கம்பெனியில கோட் எழுதின பழக்கம் இருக்கு, பேப்பருக்கு அளந்த பழக்கம் இல்ல.

பதில் (அளவெடுப்பு):
அதைக் கேட்டீங்களே, அதுதான் முக்கியம். கம்பெனியில 'வேகமாயிடுச்சு'ன்னா போதும். இங்க எத்தனை, எப்படி அளந்தேன்னு ரிவ்யூவர் (பேப்பரை மதிப்பிடுறவர்) குடைவார்.

முதல்ல மெஷினை அடக்குங்க. இன்டெல் சி.பி.யு.ன்னா, லினக்ஸ்ல பி-ஸ்டேட் கோப்பகத்துல 'நோ-டர்போ' கோப்புல 1 எழுதுங்க, சி.பி.யு. தானா வேகம் கூட்டுறது நிக்கும். ஃப்ரீக்வென்சி கவர்னரை (சி.பி.யு. வேகத்தை முடிவு பண்றது) 'பெர்ஃபார்மன்ஸ்'ல வைங்க. த்ரெட்களை ஒரே நூமா நோடுக்குள்ள (சில கோர்களும் அதுங்களுக்குப் பக்கத்து மெமரியும் சேர்ந்த பகுதி) கட்டிப் போடுங்க, மெமரியும் அதே நோடுல. கம்மி லோடுல லேட்டன்சி (பதில் வர்ற தாமதம்) அதிகமாவும், லோடு ஏத்தினா குறையவும் செஞ்சா, உங்க சிஸ்டத்துல மாயம் எதுவும் நடக்கல. கோர்கள் ஆழ்ந்து தூங்கி எழுந்திரிக்க நேரம் எடுக்குது, ஆழ்ந்த சி-ஸ்டேட்டை (அந்தத் தூக்க நிலையை) மூடுங்க.

எல்லாரும் விழுற குழி லோடு ஜெனரேட்டர், அதாவது சர்வருக்குக் கோரிக்கைகளை அனுப்பி அளக்கிற புரோகிராம். ஒரு கோரிக்கை அனுப்பி, பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புற கிளையண்ட் எழுதுவீங்க. வினாடிக்கு 1,000 கோரிக்கை இலக்கு, நடுவுல சர்வர் 1 வினாடி உறைஞ்சு நிக்குதுன்னு வைங்க. கிளையண்டும் காத்துக்கிட்டே நிக்கும். பதிவாகுறது 1 வினாடி தாமதமான ஒரே ஒரு கோரிக்கை. நிஜத்துல அந்த வினாடியில 1,000 பேர் வந்து வரிசையில நின்னிருப்பாங்க: முதல் ஆளுக்கு 1,000 மில்லி செகண்ட், நடுவுல வந்தவருக்கு 500, கடைசி ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல. 100 வினாடி ஓட்டத்துல அது நூத்துல ஒரு பங்கு கோரிக்கை. அதை விட்டுட்டு 99.9-ஆவது பர்சென்டைல் (ஆயிரத்துல 999 கோரிக்கை அதுக்குள்ள முடியற தாமதம்) போட்டா கிராஃப் அழகா இருக்கும், ஆனா பொய். கோரிக்கைகளை முன்கூட்டி நிச்சயிச்ச நேரத்துல அனுப்புங்க, தாமதத்தை அனுப்பியிருக்க வேண்டிய நேரத்துல இருந்து கணக்கிடுங்க, நிஜமா அனுப்பின நேரத்துல இருந்து இல்ல.

பேப்பர் அனுப்புற கெடு நேரம் 'ஏ.ஓ.ஈ.'ன்னு போட்டிருப்பாங்க, உலகத்துலயே கடைசியா நாள் முடியற இடத்து நேரம். இரவு 11:59 ஏ.ஓ.ஈ.ன்னா இங்க குளிர்காலத்துல மறுநாள் மதியம் 12:59, கோடையில 1:59. அக்டோபர், மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறும். அந்த வாரம் கெடு வந்தா போன வருஷ நேரத்தை நம்பாதீங்க. நிறுவனத்துல எல்லாரும் பகிர்ந்துக்கிற கிளஸ்டர் மெஷினைக் கெடு வாரத்துக்கு முன்கூட்டியே புக் பண்ணுங்க, எல்லாருக்கும் அதே கெடுதான்.