ஹோஹோகம் கால்வாய் வரைபடம்: உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். அரிசோனா பாலைவனத்தில் இன்றைய ஃபீனிக்ஸ் நகரம் இருக்கும் இடத்தில் ஹோஹோகம் என்ற பழங்குடி மக்கள் வெட்டிய கால்வாய்களை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுமார் கி.பி. 450 முதல் 1450 வரை சால்ட் ஆற்று நீரை வயல்களுக்குக் கொண்டுபோன, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள வலைப்பின்னல் அது. இரும்பு மண்வெட்டிகூட இல்லாமல், கல்லும் கட்டையும் வைத்தே தோண்டியிருக்கிறார்கள். நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

ஃபீனிக்ஸ் நகரப் பொறியாளராக இருந்த ஓமர் டர்னி 1929இல் வெளியிட்ட வரைபடம்தான் என் அடிப்படை. கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, நில அளவையின் ஒரு மைல் சதுரக் கட்டங்களின் மூலைகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக (இரண்டு வரைபடங்களையும் பொருத்த உதவும் பொது இடங்களாக) வைத்தேன். நகரின் நடுவில் சரியாக உட்காருகிறது, ஓரங்களில் விலகுகிறது. இதற்குத் 'தின் பிளேட் ஸ்ப்லைன்' முறை (புள்ளிகளுக்கு ஏற்ப வரைபடத்தை இடத்துக்கு இடம் இழுத்து வளைத்துப் பொருத்துவது) சரியா, இல்லை கோடுகளைத் தேவையில்லாமல் வளைத்துவிடுமா? பழைய வரைபடங்களில் பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.

அப்புறம், பெரிய சிக்கல் ஒன்று. 1867இல் இங்கே குடியேறிய ஜாக் ஸ்விலிங்கின் குழு வந்தபோது பழைய தடங்கள் சிலவற்றையே தூர்வாரிப் புதிய கால்வாய்களாக்கியது. ஆகவே பழைய வான்படத்தில் ஒரு கோடு தெரிந்தால், அது எந்தக் காலத்தது என்று எப்படிப் பிரிப்பது? கரை மண்ணின் நிறமா, சரிவா, அகலமா, எதை முதலில் பார்ப்பீர்கள்? 1930இல் தொல்லியலாளர் நீல் ஜட் எடுக்கவைத்த வான்படங்களைத் தெளிவான ஸ்கேனாகப் பார்க்க வழி தெரிந்தாலும் சொல்லுங்கள்.