பாயான் லெப்பாஸ் குடும்பம் 🏠

*சனிக்கிழமை*

*கவிதா, 9.12:* மாமா, எழுந்துவிட்டீர்களா? புதுக் கம்ப்யூட்டர் வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. பிராசஸர் ஐ7-13700. ஆனால் வீட்டு வரைபடத்தை நிஜப் படம் மாதிரி ஆக்கும் ரெண்டர், ஆபீஸில் இருக்கும் பழைய ஐ5 மாதிரியே இழுக்கிறது. திங்கட்கிழமை கிளையண்டுக்குப் படம் கொடுக்க வேண்டும். அழுகை வருகிறது 😢

*பாலன் மாமா, 9.20:* அழாதே மா. ஆரம்பத்திலிருந்தே மெதுவா, போகப் போக மெதுவா?

*கவிதா, 9.21:* முதல் இரண்டு மூன்று நிமிஷம் பறக்கிறது. அப்புறம் ஃபேன் சத்தம்கூடக் குறைந்துவிடுகிறது. படம் நகர மாட்டேன் என்கிறது.

*தினேஷ், 9.22:* ஐ9 வாங்கியிருக்கலாம் அக்கா.

*பாலன் மாமா, 9.24:* குறை மதர்போர்டில் இருந்தால், அதில் ஐ9 போட்டால் இதைவிட மோசமாகும் தம்பி. கவிதா, கரண்டை அணைத்துவிட்டுப் பக்க மூடியைக் கழற்றி ஒரு படம் அனுப்பு.

*கவிதா, 9.41:* 📷

*பாலன் மாமா, 9.50:* எச்610 என்ற மலிவான சிப்செட் வைத்த போர்டு. பிராசஸருக்கு இடது பக்கம் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரங்கள் தெரிகிறதா? பிராசஸருக்கு வேண்டிய கரண்டை மாற்றிக் கொடுப்பவை அவைதான். அவற்றின் மேல் சூட்டை இறக்க ஓர் அலுமினியத் துண்டுகூட இல்லை. உன் 13700 பெயருக்குத்தான் 65 வாட். முழு வேகத்தில் 219 வாட் வரை இழுக்கும். அதன் 16 கோரும், அதாவது கணக்குப் போடும் 16 பகுதிகளும், சேர்ந்து ஓடினால் அந்தச் சதுரங்கள் கொதிக்கும். உடனே போர்டு பிராசஸருக்குப் போகும் கரண்டைக் குறைத்துவிடும். ஃபேன் அடங்குவதும் அதனால்தான். சூடு பிராசஸரில் இல்லை, போர்டில்.

*கமலா அத்தை, 9.58:* உங்கள் மாமா சிப் ஆலையில் பர்ன்-இன் பகுதியில் வேலை செய்தவர். 125 டிகிரி அடுப்பில் சிப்பை மணிக்கணக்கில் ஓட்டிப் பார்ப்பார்கள். நான் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி இழுத்தேன். 1972இல் இன்டெல் இங்கே பினாங்குக்கு வந்தபோது சுற்றிலும் வயல்தான் மா.

*தினேஷ், 10.03:* அப்படியென்றால் குற்றம் சிப்செட்டிலா மாமா?

*பாலன் மாமா, 10.11:* வேகம் விழுவதற்கு சிப்செட் நேர்க் காரணம் இல்லை. மலிவான சிப்செட் வைத்த போர்டில் கரண்ட் பகுதியையும் மலிவாகவே செய்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். சிப்செட்டின் வேலை வேறு, மற்றச் சாதனங்களைப் பிராசஸரோடு இணைப்பது. ராமும் கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரோடு நேராகப் பேசும். யூஎஸ்பி, ஹார்டு டிஸ்க் மாட்டும் சாட்டா எல்லாம் சிப்செட் வழியாகத்தான். எச்610இல் ஃபைல் சேமிக்கும் வேகமான எஸ்எஸ்டியும் அந்த வழிதான், அதுவும் பழைய மூன்றாம் தலைமுறை வேகத்தில். ராம் ஸ்லாட்டும் இரண்டே இரண்டு. அதில் ஒன்றை வேறு காலியாக விட்டிருக்கிறார்கள். ஒரே 32 ஜிபி குச்சி போட்டால் ராமுக்குப் பாதி வழிதான் திறந்திருக்கும். 16, 16 ஆக இரண்டு போட வேண்டும்.

*கவிதா, 10.14:* கடைக்காரர் "ஐ7, 32 ஜிபி, போதும்" என்று மட்டும்தான் சொன்னார் மாமா. கட்டட வரைபட மென்பொருளான ரெவிட்டில் ஃபைல் திறப்பதும் இதனால்தான் மெதுவா?

*பாலன் மாமா, 10.20:* அது வேறு கதை. ரெவிட்டில் அன்றாட வேலை பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும். அங்கே ஒரு கோரின் வேகம்தான் பேசும், கோர் எண்ணிக்கை இல்லை. எல்லாக் கோரும் சேர்ந்து உழைப்பது ரெண்டருக்கு. பிராசஸரை மாற்றாதே, நல்ல பிராசஸர். பி760 சிப்செட் போர்டு வாங்கு. கரண்ட் பகுதி மேல் கனமான அலுமினியம் இருக்க வேண்டும், ராம் ஸ்லாட் நான்கு. உன் ராம் டிடிஆர்4 வகை. போர்டும் டிடிஆர்4 தானா என்று பெட்டியைப் படித்துவிட்டுப் பணம் கொடு. இசட்790 சிப்செட் போர்டுக்கு ஆசைப்படாதே. அதன் ஓவர்கிளாக் வசதி, அதாவது பிராசஸரை இன்னும் வேகமாக ஓட்டும் வசதி, பெயரில் கே எழுத்துள்ள பிராசஸருக்குத்தான் உதவும்.

*பாலன் மாமா, 10.22:* மாட்டியதும் போர்டின் உள் மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். 13, 14ஆம் தலைமுறைப் பிராசஸர்களுக்கு 2024 ஆகஸ்டில் இன்டெல் வோல்டேஜ் திருத்தம் கொடுத்தது. அது உனக்கும் வேண்டும்.

*கவிதா, 10.23:* சரி மாமா. தினேஷ், மதியம் என்னோடு வா.

*ஞாயிற்றுக்கிழமை*

*கவிதா, 16.37:* மாமா!! ரெண்டர் முடிந்தது. கடைசி வரை வேகம் விழவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் அடங்கவே இல்லை 😄

*பாலன் மாமா, 16.40:* அது சத்தம் போடட்டும் மா. நேற்று அடங்கியபோதுதான் எனக்குக் கவலை.

*கமலா அத்தை, 16.44:* படத்தை இங்கேயும் போடு, பார்க்கலாம். எந்த வீடு?

*கவிதா, 16.45:* பாலிக் பூலாவ் பங்களா அத்தை 📷