சார்ஜ் தீர்ந்தா வெறும் குச்சியா? ஸ்டைலஸை மட்டம் தட்டுறவங்களுக்கு

கணக்கு வாத்தியார்:
நம்ம மன்றத்துல, பையனுக்கு எந்த டேப்லெட் வாங்கலாம்னு ஒருத்தர் கேட்ட திரியில பரிதி நேத்து எழுதினதைப் படிச்சதுல இருந்து எனக்கு ஆறவே இல்ல. அங்கயே சண்டை போட்டா கேட்டவர் ஓடிடுவார், அதனால தனித் திரி. பரிதி எழுதினது அப்படியே: "போனுக்கும் டேப்லெட்டுக்கும் ஸ்டைலஸ் தண்டச் செலவு. எல்லாம் சார்ஜ்ல ஓடுற பேனா, சார்ஜ் தீர்ந்தா வெறும் பிளாஸ்டிக் குச்சி. விரல் எதுக்கு இருக்கு?"

நான் பிளஸ் டூ பசங்களுக்கு ஆன்லைன்ல கணக்கு எடுக்கறவன். தொகையீட்டுக் குறியைப் போட்டு, கீழ சுழி, மேல பை, உள்ள சைன் எக்ஸ்னு விரலால எழுதிக் காட்டுங்க பாப்போம். கீழ் எல்லையை எழுதுறப்பவே விரல் அதை மறைச்சிடும். பின்னத்துக்குக் கோடு போட்டா அது மேல இருக்கற எழுத்துல இடிக்கும். பசங்க "சார், அது மூணா எட்டா?"ன்னு கேப்பாங்க. பேனா இருந்தா அந்தக் கேள்வியே வராது.

அடுத்தது சார்ஜ் விஷயம். சாம்சங் எஸ் பென்ல எழுதுறதுக்கு சார்ஜே வேண்டாம். உள்ள இருக்கறது ஜப்பான் வாகாம் கம்பெனியோட ஈ.எம்.ஆர். முறை. திரைக்குப் பின்னால ஒரு தகடு காந்தப் புலம் கிளப்பும், பேனாவுக்குள்ள இருக்கற சுருள் அதுல அதிர்ந்து திருப்பி அனுப்பும், பேனா எங்க நிக்குது, எவ்வளவு அழுத்துதுன்னு தகடு கண்டுபிடிச்சிடும். பேனாவுக்கு வேண்டிய சக்தி முழுக்க திரையில இருந்துதான் வருது. 2011-ல சாம்சங்கோட முதல் பேனா போன், கேலக்ஸி நோட், வந்தப்பவே இதுதான். தெரியாம பேசக்கூடாது.

பரிதி:
தனித் திரியே போட்டுட்டீங்களா, ரொம்ப நன்றி சார். ஒரே கேள்வி. ஆப்பிள் பென்சிலுக்கு சார்ஜ் போடணுமா, வேண்டாமா? போடணும். 2015-ல வந்த முதல் பென்சில்ல பின்னாடி மூடியைக் கழட்டி, ஐபேட் சார்ஜ் ஓட்டையில நீட்டமாச் சொருகணும். வால் முளைச்ச மாதிரி நிக்கும். யாராவது அந்தப் பக்கம் கையை வீசினா முடிஞ்சுது கதை.

சாம்சங்குக்கே வர்றேன். 2018-ல நோட் 9 பேனாவுல புளூடூத் வெச்சானா இல்லையா? அதுக்கு சார்ஜ் ஏத்தணுமா இல்லையா? அப்போ நான் சொன்னது சரி. சார்ஜ்ல ஓடுற பேனா.

ஸ்டீவ் ஜாப்ஸ் 2007-ல ஐபோனைக் காட்டினப்பவே சொல்லிட்டார், எடுக்கணும், வைக்கணும், தொலைச்சுடுவோம், யாருக்கு வேணும் ஸ்டைலஸ்னு. அந்த ஆளுக்குத் தெரியாதது டியூஷன் எடுக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு.

கணக்கு வாத்தியார்:
டியூஷன் எடுக்கறதுல என்ன கேவலம்?

நோட் 9 பேனாவுல புளூடூத் வந்தது தூரத்துல இருந்து பட்டனை அழுத்தி போட்டோ எடுக்க, ஸ்லைடு தள்ள. அதுக்காக உள்ள ஒரு மின்தேக்கி. போனுக்குள்ள 40 விநாடி சொருகினா அரை மணி நேரத்துக்கு வரும். அது தீர்ந்துபோனா அந்த பட்டன் வேலைதான் நிக்கும். எழுதுறது நிக்காது. திரும்பச் சொல்றேன், எழுதுறது நிக்காது. "சார்ஜ் தீர்ந்தா வெறும் குச்சி"ன்னு எழுதினீங்களே, அது பொய். அதை வாபஸ் வாங்குங்க, மத்ததை அப்புறம் பேசலாம்.

ஆம்பூர் ரஃபி:
வாத்தியார் சொல்றது கரெக்ட். செல் ரிப்பேர்தான் நம்ம தொழில், திரையைக் கழட்டினா அந்தத் தகடு தனியாத் தெரியும். ஆனா நல்லதை மட்டும் சொல்லிட்டுப் போகக்கூடாது. அந்தத் தகடு இருக்கறதால வேலையும் ஜாஸ்தி. கீழ விழுந்து தகடுல மடிப்பு விழுந்தா, விரல் எல்லா இடத்துலயும் நல்லா வேலை செய்யும், பேனா மட்டும் ஒரு பட்டையில கோடு போடாம விட்டுடும். கஸ்டமர் பேனா போச்சுன்னு புதுப் பேனா வாங்கிட்டு வந்து நிப்பாரு. இன்னொண்ணு, காந்தம் வெச்ச கவர் போட்டாலும் பேனா அந்த இடத்துல தடுமாறும். கவரைக் கழட்டிப் பாருங்க முதல்ல.

2015-ல நோட் 5 வந்தப்ப பேனாவைத் தலைகீழா சொருகினா உள்ளயே மாட்டிக்கும். இழுத்தா உள்ள இருக்கற சென்சார் போயிடும். இப்படி ஒரு பேனாவை எதுக்குச் செய்யணும்?

பரிதி:
ரஃபி பாய் சொன்னதைப் படிங்க சார். ரிப்பேர் செலவு, மாட்டிக்கிற பேனா, காந்தக் கோளாறு. விரலுக்கு இதுல எது இருக்கு?

கணக்கு வாத்தியார்:
ரஃபி முதல் வரியில "வாத்தியார் சொல்றது கரெக்ட்"னு எழுதியிருக்கார். அதை மட்டும் தாண்டிப் படிக்கிறீங்க.

ஓவியா:
நான் படம் வரையறவ. ரெண்டு பேருமே வேற வேற பேனாவைப் பத்திப் பேசிட்டு இருக்கீங்க. கடையில நூத்தம்பது ரூபாய்க்குத் தொங்குதே ரப்பர் முனைக் குச்சி, அதுவும் ஸ்டைலஸ்தான். அது விரல் மாதிரி திரையை ஏமாத்துது, அவ்வளவுதான். சாதாரணத் தொடுதிரைக்கு ஒரு அளவு பரப்பு பட்டாத்தான் தெரியும், அதனாலதான் அந்த முனை மொத்தையா இருக்கு. அழுத்தமும் தெரியாது, சாய்வும் தெரியாது. பேனான்னா எதைச் சொல்றோம்னு முடிவு பண்ணிட்டுப் பேசலாமே.

எனக்கு முக்கியம் அழுத்தம்தான். கண் இமை வரையறப்ப மெல்ல ஆரம்பிச்சு, நடுவுல அழுத்தி, முடிவுல சன்னமா விடணும். விரல்ல அந்தக் கோடு வரவே வராது, ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே தடிமன்தான். உள்ளங்கையைத் திரையில ஊன்றி வரையவும் முடியணும். நல்ல பேனா கிட்ட வந்துட்டா திரை கையை ஒதுக்கிடும். ஆனா இதெல்லாம் டேப்லெட்டுக்கு. போன்ல பேனா எனக்குத் தேவைப்பட்டதே இல்ல.

கணக்கு வாத்தியார்:
போன்ல தேவைப்படலன்னா உங்களுக்குத் தேவைப்படலம்மா, எல்லாருக்குமில்ல. பஸ்ல போறப்ப ஒரு பையன் கணக்கை போட்டோ எடுத்து அனுப்புவான். அது மேலயே தப்பை வட்டம் போட்டு, பக்கத்துல ரெண்டு வரி எழுதித் திருப்பி அனுப்பிடுவேன். நோட் 20-க்கு அப்புறம் நோட்டையே நிறுத்திட்டாங்கன்னு ஒரு கூட்டம் குதிச்சுது. என்ன ஆச்சு? 2022-ல எஸ்22 அல்ட்ரா போனுக்குள்ள அதே துளை, அதே பேனா. ஆள் வாங்காமயா திரும்ப வெச்சான்?

பரிதி:
ஓவியா மேடமே போனுக்கு வேண்டாம்னுட்டாங்க. பாதி ஜெயிச்சாச்சு.

சாம்சங் பத்திப் பெருமையா பேசறீங்களே, 2025-ல வந்த மடக்குற போன் ஃபோல்ட் 7-ல பேனாவே வேலை செய்யாது. அந்தத் தகட்டையே எடுத்துட்டான். ஏன்? மெல்லிசா பண்ணணும். பேனாவா மெல்லிசான்னு வந்தப்ப செஞ்சவனே பேனாவைத் தூக்கிப் போட்டான். அதே வருஷம் எஸ்25 அல்ட்ரா பேனாவுல இருந்து புளூடூத்தையும் உருவிட்டான்.

கணக்கு வாத்தியார்:
அப்படி வாங்க! எஸ்25 அல்ட்ரா பேனாவுல புளூடூத் இல்ல, மின்தேக்கி இல்ல, சார்ஜ் ஏத்த ஒண்ணுமே இல்ல. ஆனா எழுதுது. உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. இப்போ சொல்லுங்க, எழுதுறதுக்கு சார்ஜ் வேணுமா?

பரிதி:
ஆப்பிள் பென்சிலுக்கு வேணுமா வேண்டாமா? இதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.

நெல்லை மைந்தன்:
அண்ணாச்சி, பரிதிகிட்ட மல்லுக்கட்டாதிய. மெமரி கார்டு திரியிலயும் இதே ஆளுதான் "யாருக்கு வேணும் மெமரி கார்டு"ன்னு குதிச்சாரு. ஆப்பிள்காரன் எதை எடுத்தாலும் அது வேண்டாத சாமான், அவன் திருப்பி வெச்சா அது புதுமை. எங்கிட்ட நோக்கியா 5800 இருந்துச்சு. 2008 மாடல். அழுத்துனாத்தான் புரியுற திரை, பின்னாடி சொருகின குச்சி, கூடவே கித்தார் மீட்டுற சில்லு மாதிரி ஒண்ணு. நகத்தால எழுதினாலும் எழுதும். அந்தச் சுகம் இப்ப உள்ள எதுலயும் கெடையாது.

பரிதி:
மெமரி கார்டு திரியில நீங்க கடைசியா என்ன எழுதினீங்கன்னு எடுத்துப் போடட்டுமா? நோக்கியா திரும்பி வரும்னு சவால் விட்டது யாரு?

நெல்லை மைந்தன்:
போடும். நானும் போடுதேன்.

செங்கோடன்:
சண்டைக்கு நடுவுல ஒரு விஷயம். எங்க அப்பாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. விரல் காய்ச்சுப் போச்சு, நாலு தடவை தொட்டா ஒரு தடவைதான் திரை கேக்கும். கீபோர்டுல தமிழ் தேடி அடிக்கப் பொறுமை இல்ல. 2015-ல கூகுள் கையெழுத்து ஆப் விட்டப்பவே அதுல தமிழ் இருந்துச்சு, இப்போ கூகுளோட ஜிபோர்டு கீபோர்டுலயே இருக்கு. பேனாவை எடுத்து "மருந்து வாங்கிட்டு வா"ன்னு கோத்து எழுத்துல எழுதுறார், அது தட்டச்சா மாறி எனக்கு வந்துடுது. விரல்ல எழுதினப்ப கொம்பு எங்க, கால் எங்கன்னு அவருக்கே தெரியாது. பேனா வந்தப்புறம்தான் தானா எனக்கு மெசேஜ் அனுப்ப ஆரம்பிச்சார். இதைத் தண்டச் செலவுன்னு சொல்ல எனக்கு மனசு வராது.

பரிதி:
குரல்ல பேசினா தமிழ்ல அடிச்சுக் குடுக்குதே, அப்பாவுக்கு அதைக் காட்டுங்க. பேனாவும் வேண்டாம், விரலும் வேண்டாம்.

செங்கோடன்:
அவருக்குக் காது மந்தம், சத்தமாத்தான் பேசுவார். ஆஸ்பத்திரி வரிசையில நின்னு தன் வியாதியைக் கத்திச் சொல்லணுமா?

நெல்லை மைந்தன்:
கீபோர்டுல தேடி அடிக்கணும்னா அவரு தமிழ்99 பழகலன்னு அர்த்தம். 1999-லயே சென்னை மாநாட்டுல ஒத்துக்கிட்ட தமிழ் கீபோர்டு அமைப்பு. பழகிட்டா எழுதுறதை விட வேகம்.

ஓவியா:
எழுபது வயசுல தமிழ்99 பழகச் சொல்றது கொஞ்சம் ஓவர்.

நெல்லை மைந்தன்:
ஏன், எங்க பெரியப்பா பழகுனாரே. ஆங்கில எழுத்துல அம்மான்னு அடிச்சுத் தமிழாக்குற ஆளுங்களுக்கு இது புரியாது.

ஓவியா:
நான் எப்படி அடிக்கறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பத்து வருஷமா தமிழ்99-லதான் அடிக்கறேன்.

நிர்வாகி:
தட்டச்சுச் சண்டைக்கு வேற திரி இருக்கு. இங்க ஸ்டைலஸ் மட்டும். பழைய திரிப் பதிவுகளை எடுத்து ஒட்ட வேண்டாம்.

கணக்கு வாத்தியார்:
நிர்வாகிக்கு நன்றி. பரிதி கேட்டதுக்குப் பதில்: ஆமா, ஆப்பிள் பென்சிலுக்கு சார்ஜ் வேணும். அது வேற தொழில்நுட்பம், பேனாவே சிக்னல் அனுப்பணும், அதனால உள்ள பேட்டரி. அதுலயும் முதல் பென்சில் 15 விநாடி சொருகினா அரை மணி நேரம் எழுதும். 2018-ல ரெண்டாவது பென்சில் வந்து, ஐபேட் ஓரத்துல ஒட்டி வெச்சாலே சார்ஜ் ஏறுது, உங்க வால் கதையும் முடிஞ்சுது. நான் பதில் சொல்லிட்டேன். நீங்க "எல்லாம் சார்ஜ்ல ஓடுற பேனா"ன்னு எழுதினீங்க. எல்லாம். அந்த "எல்லாம்" சரியா தப்பா?

ஜாப்ஸ் பேரைச் சொல்லி மிரட்டவும் வேண்டாம். அவர் 2007-ல பேசினது மூணரை அங்குல போனைக் கையில வெச்சுக்கிட்டு. அந்தக் காலத்து போன்ல மெனுவைத் தட்டவே குச்சி எடுக்கணும், அதைத்தான் திட்டினார். நாங்க மெனு தட்ட பேனா கேக்கல, எழுதக் கேக்கறோம். அவர் கம்பெனியே 2015-ல பெரிய ஐபேடோட 99 டாலருக்குப் பேனா வித்துது.

பரிதி:
இதுல உங்களை விட மாட்டேன். 2010-ல ஐபேட் பத்தியும் சொன்னார், ஸ்டைலஸ் கண்ணுல பட்டாலே செஞ்சவன் கோட்டை விட்டுட்டான்னு அர்த்தம்னு. ஐபேட் மூணரை அங்குலமா சார்? பென்சில் வந்தது அவர் போனதுக்கு அப்புறம். அவர் இருந்திருந்தா விட்டிருக்க மாட்டார்.

கணக்கு வாத்தியார்:
செத்தவர் என்ன பண்ணியிருப்பார்னு உங்ககிட்ட வந்து சொன்னாரா? 2010-லயும் அவர் பேசினது ஐபேடை ஓட்டறதுக்குக் குச்சி தேவைப்படக்கூடாதுன்னுதான். இன்னைக்கும் தேவைப்படல, விரல்லயே ஓட்டலாம். எழுதறது வேற, ஓட்டறது வேற.

பரிதி:
எழுதறது வேற, ஓட்டறது வேறன்னு அவர் எங்க பிரிச்சார்? கண்ணுல பட்டாலேன்னுதான் சொன்னார்.

ஆம்பூர் ரஃபி:
ஜாப்ஸை விடுங்க. முனை தேயுறதைப் பத்தி யாரும் பேசலியே? கண்ணாடி ஸ்டிக்கர் மேல சொரசொரன்னு பேப்பர் மாதிரி ஒண்ணு ஒட்டறாங்க, எழுத நல்லா இருக்குன்னு. அதுல முனை சீக்கிரம் தேயும். தேஞ்ச முனையோட அழுத்தி எழுதி ஸ்டிக்கரைக் கீறிட்டு, திரையே கீறிடுச்சுன்னு என் கடைக்கு வர்றாங்க.

ஓவியா:
அந்த சொரசொரப்பு இல்லாம கண்ணாடியில வரையவே முடியாது ரஃபி, பேனா வழுக்கும். முனை தேஞ்சா மாத்திக்க வேண்டியதுதான், பென்சில் சீவறதில்லையா?

ஆம்பூர் ரஃபி:
மாத்துறவங்க மாத்தட்டும் மேடம். நான் சொல்றது மாத்தாதவங்களை.

கணக்கு வாத்தியார்:
ரஃபி, முனை விஷயத்துக்கு அப்புறம் வரலாம். பரிதி "எல்லாம்"கிற ஒரு வார்த்தைக்கு இன்னும் பதில் சொல்லல. ஒரு பெத்தவர் பையனுக்கு டேப்லெட் வாங்க ஆலோசனை கேட்டு வந்தார். 2020-ல வந்த டேப் எஸ்6 லைட் மாதிரி டப்பாவுலயே பேனா போட்டுத் தர்ற டேப்லெட் இருக்கு. தனியாக் காசு இல்ல, சார்ஜும் இல்ல. அதைச் சொல்லாம "எல்லாம் சார்ஜ் பேனா, தண்டச் செலவு"ன்னு எழுதி அவரைத் திருப்பி அனுப்பப் பாத்தீங்க. அந்தப் பையன் நாளைக்கு வகுப்புல விரலால வேதியியல் சமன்பாடு எழுதிக் கஷ்டப்படணும். எனக்கு வயிறு எரியறது அதுக்குத்தான்.

பரிதி:
நோட்டுப் புத்தகமும் பால்பாயின்ட் பேனாவும் எத்தனை ரூபாய் சார்? அந்தப் பையன் அதுல எழுதட்டும். சார்ஜே வேண்டாம், எங்கயும் மாட்டிக்காது. ஸ்டைலஸுக்கு நீங்க சொல்ற எல்லாத்தையும் அது செய்யும். நான் எழுதினதுல ஒரு எழுத்தையும் மாத்தப் போறதில்ல.

கணக்கு வாத்தியார்:
நோட்டுப் புத்தகத்துல எழுதினதைத் திருச்சியில இருக்கற பையனுக்கு அந்த நிமிஷமே எப்படிக் காட்டுறது? பேச்சை மாத்தாதீங்க. எஸ்25 அல்ட்ரா பேனாவுக்கு சார்ஜ் எங்க ஏத்துவீங்க, அதைச் சொல்லுங்க.

பரிதி:
நோட் 9-ல எங்க ஏத்தினீங்களோ அங்கதான்.

நெல்லை மைந்தன்:
நிர்வாகி, தமிழ்99 திரியோட சுட்டியைக் குடுங்க. ஓவியாவுக்கு அங்க பதில் வெச்சிருக்கேன்.